தொம்மைக்குப் பதில் யார்?

இனிமேல் கிளப் விஷயத்தைப் பற்றி வீட்டில் வாய் திறப்பதில்லை என்று, 1946-ஆம் வருஷம் ஆகஸ்டு முதல் ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வந்த கையோடு ஒரு தீர்மானம் செய்தேன். பாறையில் வெட்டின மாதிரித் தீர்மானம். அன்றைக்கு மத்தியானம் சோற்றில் மீன்குழம்பு விழும்வரை அது அசையாமல் நின்றது.

“என்ன, சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கிய? சென்டர் ஹாஃப் இன்னும் ஆம்பிடலையோ?” என்றாள் ஜெபகனி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஒனக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லண்டாம். தட்டப் பாருங்க. ஒம்பது முள்ள வரிசையா நட்டு வச்சிருக்கிய. கோல்கீப்பருக்கு மீன் தலை. நட்டநடுவுல ஒரு எடம் மட்டும் காலியாக் கெடக்கு.”

பார்த்தேன். உண்மைதான். வலது பக்கத்து முள் ஒன்று ஆஃப்சைடிலும் நின்றது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் தேவபிரசாதம். பகலில் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜண்டு ஆபீஸில் குமாஸ்தா. சாயங்காலம் யூனியன் புட்பால் கிளப்பின் காரியதரிசி. பந்தை நான் உதைத்தது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. பந்து இருந்த இடத்தில் இருந்தது. என் செருப்பு கோலுக்குள் போய் விழுந்தது. அதனால் ஆடுகிறவர்களுக்குப் புத்தி சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். இடைவேளையில் ஆட்டக்காரர்களுக்கு எலுமிச்சம்பழத் துண்டும் என் பிரசங்கமும் உண்டு. இரண்டுக்கும் அவர்கள் ஒரே மாதிரித்தான் முகத்தைச் சுளிப்பார்கள்.

என் மனைவி ஜெபகனி நாசரேத்துக்காரி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். நாற்பது பிள்ளைகளை ஒரு புருவத்தால் உட்கார வைப்பாள். இன்னொரு புருவம் எனக்கு.

அந்த ஆகஸ்டில் எங்கள் சென்டர் ஹாஃப் கொழும்பில் வேலை கிடைத்துத் தோணி ஏறிவிட்டான். ஷீல்டு ஆட்டங்களுக்கு இன்னும் ஐந்தே வாரம். சென்டர் ஹாஃப் என்பவன் மைதானத்தின் நடுவில் நின்று, பின்னால் இருந்து வரும் பந்தை வாங்கி, முன்னால் இருப்பவர்களுக்குப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பவன். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற பெரியவர் மாதிரி. அவன் இல்லாவிட்டால் சோறும் இருக்கும், ஆளும் இருக்கும், சாப்பாடு நடக்காது.

அப்போதுதான் கடற்கரைத் தெருவின் ஸ்டார் கிளப்பிலிருந்து ஒரு சேதி வந்தது. அதன் தலைவர் ரொட்ரிகோ சொல்லி அனுப்பியிருந்தார்: “எங்க தொம்மைய எடுத்துக்கிடுங்க. பதிலுக்கு ஒரு ஆள் தாங்க.”

தொம்மையைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சங்கு குளிக்கிற குடும்பத்துப் பிள்ளை, இருபது வயது. போன வருஷம் அவன் ஆடினதை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஈ ஒன்று வாய்க்குள் போய், சுற்றிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்தது. அது போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. நடு மைதானத்திலிருந்து அவன் ஒரு பந்தைத் தூக்கினால், அது உப்பளத்துக் காற்றில் ஏறி, கடற்பறவை மாதிரி ஒரு நிமிஷம் யோசித்து, எந்த ஆளுக்கு அனுப்பினானோ அந்த ஆளின் காலடியில் வந்து உட்காரும். எதிர்க் கட்சிக்காரர்களே கைதட்டிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்ட தொம்மை இந்த வருஷம் ஆடிய ஆட்டம் கண்றாவி. கூட இருப்பவர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பமாட்டான். பின்னால் ஆள் வருவது தெரியாமல் பந்தைப் பறிகொடுப்பான். பாதி நேரம் எதிர்க் கட்சிக்கும் அவனே சென்டர் ஹாஃப். “தலைக்கனம் ஏறிட்டு” என்றார்கள் சிலர். “காத்துக் கருப்பு அடிச்சிருக்கு” என்றார்கள் சிலர். இனிமேல் பந்தே வேண்டாம், கொழும்புக்கு மூட்டை தூக்கப் போகிறேன் என்று அவனே சொல்வதாகவும் கேள்வி.

எங்கள் கமிட்டி இரண்டாகப் பிளந்தது. “அவன் கால் எங்கன போயிரும் சார்? எடுப்போம்” என்றான் காப்டன் நல்லக்கண்ணு. “ஓட்டத் தோணிய வாங்கிக்கிட்டுத் தண்ணி எறைக்கச் சொல்லுதியா?” என்றான் ஃபுல்பேக் அய்யாக்குட்டி. கடைசியில் முடிவை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

இதையெல்லாம் மீன்குழம்பு ஆறுவதற்குள் ஜெபகனியிடம் ஒப்பித்துவிட்டேன்.

“நீங்க என்ன சொல்லுதிய?” என்றாள்.

“வேண்டாம்னு சொல்லுதேன்.”

“அவன ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகட்டும்.”

“ஏளா, சென்டர் ஹாஃபுக்கு ஆள் எடுக்கேனா, பொண்ணு பாக்கேனா?”

“ரெண்டுலயும் ஒங்க தெறமைய நான் பாக்கத்தான செய்யுதேன். கூட்டிட்டு வாங்க.”

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தொம்மை வந்தான். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். ஆனால் ஏதோ குற்றம் செய்தவன் மாதிரித் தோளைக் குறுக்கிக்கொண்டு நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தான். நான் அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தேன். கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னான்.

அடுப்படியிலிருந்து ஜெபகனி வந்து அவனுடைய இடப்பக்கம் நின்றாள். “தம்பி, கருப்பட்டிக் காப்பி ஒத்துக்கிடுமா?”

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பதில் இல்லை.

“தம்பி, காப்பி?”

ம்ஹூம். எனக்கு ரத்தம் கொதித்தது. என் பெண்டாட்டியை நான் ஒருத்தன்தான் பயந்து பயந்து மதிக்கிறேன், அதற்காக ஊரில் வேறு யாரும் மதிக்க வேண்டாமா? சத்தம் போட வாயைத் திறந்தேன். அவள் புருவத்தைத் தூக்கினாள். மூடிக்கொண்டேன்.

சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தாள். அதே கேள்வியை முன்னைவிட மெல்லக் கேட்டாள்.

“ஒத்துக்கிடும் டீச்சரம்மா!” என்று துள்ளி எழுந்து நின்றான்.

மறுபடி இடப்பக்கம் போனாள். கையிலிருந்த பித்தளைத் தட்டு நழுவித் தரையில் விழுந்தது. நான் நாற்காலியோடு எம்பினேன். தொம்மையும் திடுக்கிட்டான். ஆனால் வலப்பக்கம் திரும்பி ஜன்னலைப் பார்த்தான். அவள் மறுபடி வலம், மறுபடி இடம். வேதாகமத்தில் சுற்றிச் சுற்றி வந்தே எரிகோ கோட்டையை விழவைத்த மாதிரி அந்த நாற்காலியை எத்தனை தரம் சுற்றினாளோ தெரியாது. இடிந்து விழுந்தது என் பொறுமை ஒன்றுதான்.

காப்பி குடித்தானதும் அவனைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனாள். முருங்கை மரத்தடியில் இருவரும் வெகுநேரம் பேசினார்கள். அவன் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. ஆனால் தோள் நிமிர்ந்திருந்தது. நிலையில் தலையை இடித்துக்கொண்டுதான் வெளியே போனான்.

“எடுத்துக்கிடுங்க” என்றாள் ஜெபகனி.

“எந்த அடிப்படையில சொல்லுத?”

“எனக்கு நாப்பது பிள்ளைய இருக்கு. அதுல எது படிக்காத பிள்ள, எது படிக்க முடியாத பிள்ளன்னு பாத்த ஒடனே தெரியும்.”

“இவனுக்கு என்ன கோளாறு?”

“ஒங்ககிட்ட சொன்னா, விடியுமுன்ன தபாலாபீஸ் வரைக்கும் போயிரும். எடுத்துக்கிடுங்க. அம்புட்டுத்தான்.”

இரண்டு நாள் நான் முறுக்கிக்கொண்டு நின்றேன். மூன்றாம் நாள் எனக்கு ஒரு யோசனை பிறந்தது. அடடா, என்ன யோசனை! எனக்கே என்மேல் பிரமிப்பாக இருந்தது. தொம்மையை எடுப்போம். ஆனால் பதிலுக்கு அய்யாக்குட்டியைத் தள்ளிவிடுவோம். அய்யாக்குட்டிக்கு நாற்பது வயது, இரண்டு ஆள் கனம். பந்து தாண்டிப் போன பிறகு அதற்கு வழியனுப்பு விழா நடத்துகிற ஃபுல்பேக். அவன் பெயரை எழுதினால் ரொட்ரிகோ சிரிப்பார். எழுதாமல் எழுதினால்?

“எப்பிடி?” என்றாள் ஜெபகனி.

“யாரை விட்டா எங்க ஆட்டம் கெடாதோ, அந்த ஆட்டக்காரரத் தாரோம்னு எழுதிருவேன். பிள்ளைய சீட்டுப் போட்டு முடிவு பண்ணட்டும். எல்லாரும் அய்யாக்குட்டி பேரைத்தான எழுதுவானுவ? பழியும் எனக்கு இல்ல, பொல்லாப்பும் எனக்கு இல்ல. எப்பிடி?”

அவள் என்னைக் கண்கொட்டாமல் பார்த்தாள். கல்யாணமான பதினாலு வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. “ஒங்களுக்கு இம்புட்டுப் புத்தி இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!” என்றாள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

கடிதத்தை எழுதி அவளிடம் நீட்டினேன். படித்தாள். “எல்லாம் சரிதான். ஒரே ஒரு எடம். ‘ஆட்டக்காரர்’னு போட்டிருக்கிய. தெருக்கூத்து ஆடுதவன் மாதிரி இருக்கு. ‘அங்கத்தினர்’னு போடுங்க. கௌரவமா இருக்கும்.”

பெண்களுக்குச் சொல்லழகில் ஒரு பிரியம். போகட்டும் என்று மாற்றினேன். கீழே ஒரு கப்பலே பாய் விரித்த மாதிரிக் கையெழுத்தும் போட்டேன். மறுநாளே ரொட்ரிகோவிடமிருந்து ‘பரிபூரண சம்மதம்’ என்று பதில் வந்தது. அந்தப் ‘பரிபூரண’த்தைப் பார்த்தாவது நான் விழித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் சீட்டுப் போட்டார்கள். அய்யாக்குட்டியின் தொப்பிதான் பெட்டி. பாவம், சொந்தத் தொப்பியிலேயே அவன் தலை உருளப்போகிறதே என்று எனக்கு இரக்கமாகக்கூட இருந்தது. காரியதரிசி என்ற முறையில் நானே சீட்டைப் பிரித்து உரக்கப் படித்தேன்.

“தேவபிரசாதம்.”

யாரோ விளையாடுகிறான். அதட்டிவிட்டு அடுத்ததைப் பிரித்தேன்.

“தேவபிரசாதம்.”

மூன்றாவது. நான்காவது. என் பெயரை என் வாயாலேயே படித்துக்கொண்டு போனேன். ஏழாவது சீட்டில் ஒருவன் தண்ணீர் கொடுத்தான். கடைசிச் சீட்டு அய்யாக்குட்டியுடையது. அதில் ‘தேவபிரசாரம்’ என்று இருந்தது.

“இது செல்லாது!” என்று பாய்ந்தேன். “பேரு தப்பு! எழுத்துப்பிழை!”

“பிழை இல்ல சார்” என்றான் நல்லக்கண்ணு, தலையைக் குனிந்துகொண்டு. “இடவேளையில பத்து நிமிசம் பேசுதியள்லா, அதச் சொல்லுதான்.”

“ஏலே, ஆட்டக்காரனத்தானடா குடுக்கணும்? நான் ஆட்டக்காரனா?”

நல்லக்கண்ணு சட்டைப் பையிலிருந்து கடிதத்தின் நகலை எடுத்தான். “‘அங்கத்தினர்’னு போட்டிருக்கு சார். ஒங்க கையெழுத்துத்தான்.”

கப்பல் பாய் விரித்து நின்றது.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. ஜெபகனி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

“ஏளா, கட்டின புருசன வித்துப்போட்டியே!”

“யாரு வித்தா? மாத்திக்கிட்டோம். விலைக்குன்னா யாரு எடுப்பா?”

“இது எப்பமிருந்து நடக்கு?”

“கோவப்படாம உக்காருங்க. ரொட்ரிகோ ஐயா வீட்டம்மா அமலோற்பவம் எங்க பள்ளிக்கூடத்துல தையல் டீச்சர்லா? அவதான் சொன்னா. ஸ்டார் கிளப்புல ஆடுததுக்கு ஆள் இருக்காம். புட்பால் சங்கத்துக்கு இங்கிலீசுல ஒரு கடுதாசி எழுத ஆள் இல்லையாம். நம்ம கிளப்புல கடுதாசி எழுத ஆள் இருக்கு. பந்து குடுக்கத்தான் ஆள் இல்ல. அவளும் நானும் சாப்பாட்டு மணியில பேசி முடிச்சிட்டோம்.”

“அப்பம் இங்க யாரு காரியதரிசி?”

அவள் சிவப்பு மசியில் பேனாவைத் தொட்டுக்கொண்டாள். “பிள்ளைய என்னத்தான் இருக்கச் சொல்லுதாங்க. பொம்பளைக்கு என்னத்துக்குன்னு சொல்லிப் பாத்தேன். கேக்க மாட்டேங்காங்க.”

ஊரே கேட்டு மூக்கில் விரல் வைத்தது. நான் இரண்டு விரல் வைத்தேன்.

செப்டம்பர் கடைசியில் ஷீல்டு அரையிறுதி ஆட்டம். விதி பாருங்கள், யூனியன் கிளப்புக்கும் ஸ்டார் கிளப்புக்கும்! மைதானத்தின் ஒரு பக்கம் நான், ரொட்ரிகோவின் பக்கத்தில், ஸ்டாரின் நீலத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. எதிர்ப்பக்கம், பள்ளிக்கூட பெஞ்சில் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு என் மனைவி.

ஆட்டக்காரர்கள் இறங்கினார்கள். பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தேன். தொம்மையைக் கொண்டுபோய் இடது ஓரத்தில், சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி, லெஃப்ட் ஹாஃபாக நிறுத்தியிருந்தாள்! சென்டர் ஹாஃப் இடத்தில் நல்லக்கண்ணு. “பாத்தீரா வேய்?” என்றேன் ரொட்ரிகோவிடம். “பந்தியில பெரியவரக் கொண்டுபோய் வாசல்ல நிப்பாட்டிட்டா!”

ரொட்ரிகோ சிரிக்கவில்லை. “என் வீட்டுக்காரி ஏதோ சொன்னா” என்று முனகினார். “பந்து காலால ஆடுததா, காதால ஆடுததான்னு நான்தான் சத்தம் போட்டேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. விசில் ஊதியது.

முதல் பந்து தொம்மையிடம் வந்தது. பின்னால் எங்கள் ஸ்டார் ஆள் ஒருவன் பாய்ந்தான். நல்லக்கண்ணு “ஆள்!” என்று கத்தினான். தொம்மை சட்டென்று விலகினான். எங்கள் ஆள் கோட்டைத் தாண்டி ஓடிப் போய்க் கடலைக்காரியின் கூடைக்கு முன்னால்தான் நின்றான். “தொம்மை, இங்கன!” என்று வலப்பக்கம் தூரத்தில் ஒருவன் கூப்பிட்டான். தொம்மை தலையைத் தூக்காமலே பந்தை அனுப்பினான். அது கூப்பிட்டவன் காலடியில் போய் உட்கார்ந்தது. மறுபடி ஒரு குரல், மறுபடி ஒரு பந்து. கூப்பிட்ட குரலுக்கெல்லாம் பதில் சொல்கிறான்! போன வருஷத்துத் தொம்மை இல்லை இவன். அவனுக்கு அண்ணன்.

இடைவேளை வந்தது. நான் ஸ்டார் பிள்ளைகளுக்குப் பத்து நிமிஷம் பேசினேன். எதிர்ப்பக்கம் ஜெபகனி ஒவ்வொருவனிடமும் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். பிறகு குடைக்குள் போய்விட்டாள். இந்த ஓரம் பழகிவிட்ட தொம்மைக்குப் பக்கம் மாறினால் திண்டாட்டம் என்று நினைத்தேன். பக்கம் மாறினார்கள். கோடும் அவனுடைய இடப்பக்கமே போய் நின்றது.

முடிய ஐந்து நிமிஷம் இருக்கும். யாருக்கும் கோல் இல்லை. தென்காற்று உப்பளத்திலிருந்து சீறிக்கொண்டு வந்தது. மைதானத்தின் பாதிக்கும் பின்னால், இடது ஓரத்தில், பந்து தொம்மையின் காலுக்கு வந்தது. நிமிர்ந்து ஒரு தடவை காற்றைப் பார்த்தான். கடலுக்குள் பாய்கிறவன் மூச்சை இழுப்பானே, அப்படி நெஞ்சு நிறைய இழுத்தான். உதைத்தான்.

பந்து கோலை நோக்கிப் போகவில்லை. கடலை நோக்கிப் போயிற்று. “போச்சு, ராமேஸ்வரத்துக்குப் போயிட்டு!” என்று யாரோ சிரித்தார்கள். அது மேலே ஏறிற்று. இன்னும் ஏறிற்று. மேற்கே சாய்ந்த வெயிலில் ஒரு முத்து மாதிரி மின்னிக்கொண்டு நின்றது. அங்கே காற்று அதைப் பிடித்து, திருப்பி, கையில் ஏந்திக்கொண்டு வந்து, எங்கள் ஸ்டார் கோல்கீப்பரின் தலைக்கு மேலே, கட்டைக்குக் கீழே, வலைக்குள் மெல்ல வைத்தது. கோல்கீப்பர் அசையவில்லை. அசைய அவருக்கு மனம் வரவில்லை என்று பிறகு சொன்னார்.

மைதானம் முழுவதும் ஒரு சத்தம் இல்லை. ஆயிரம் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

அந்த நிசப்தத்தில் “கோல்!” என்று ஒரு குரல் அலறிற்று. நீலத் துண்டு ஒன்று ஆகாசத்தில் பறந்தது. குரலும் என்னுடையது. துண்டும் என்னுடையது. ரொட்ரிகோ என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் மெள்ளக் குனிந்து துண்டை எடுத்து மண்ணைத் தட்டினேன்.

ஆட்டம் முடிந்ததும் தொம்மை என்னைத் தேடிக்கொண்டு வந்தான். என் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாறி நின்றுகொண்டு பேசினான்.

“ஒங்ககிட்டயும் சொல்லிரலாம்னு டீச்சரம்மா சொன்னாவ, சார். போன மார்கழியில சங்கு குளிக்கப் போனேன். எட்டுப் பாகம் தண்ணி, எட்டு ஆள் ஆழம். ஒரு சங்கு கண்ணுக்குத் தட்டுச்சு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு எறங்கினேன். இடக்காதுல பட்டுனு ஒரு சத்தம். அந்தக் காது கேட்ட கடைசிச் சத்தம் அதுதான்.”

“ஏன்டா யாருகிட்டயும் சொல்லல?”

“சொன்னா தோணியில ஏத்தமாட்டாவ. ஆட்டத்துலயும் சேக்கமாட்டாவ. தலைக்கனம்னு சொன்னா சொல்லிட்டுப் போறாவன்னு இருந்தேன். டீச்சரம்மாதான், ‘இடப்பக்கம் கோடு இருக்கட்டும். கோடு பேசாது. பேசுதவன் எல்லாம் ஒனக்கு வலப்பக்கம் இருப்பான்’னு சொன்னாவ.”

ஒன்பது மாதமாக ஊரில் உள்ள கிளப்புகளெல்லாம் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு டம்ளர் காப்பியும் ஒரு பித்தளைத் தட்டும் வைத்துக்கொண்டு அவனுடைய காதைப் பார்த்தவள் என் வீட்டில் இருக்கிறாள். அவளுடன் பதினாலு வருஷம் குடியிருக்கிற எனக்குத்தான் எந்தக் காது செவிடோ!

ஜெபகனியும் நானும் கடற்கரை ரஸ்தா வழியாக நடந்து வீட்டுக்குத் திரும்பினோம். தூரத்தில், கரைக்கு வர முடியாத கப்பல்கள் விளக்கேற்றிக்கொண்டு நின்றன. குடையை மடக்கிக் கையில் வைத்திருந்தாள். இறுதி ஆட்டத்துக்குப் போகிற கிளப்பின் காரியதரிசி அவள். பக்கத்தில் நடக்கவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

“ஜெபகனி” என்றேன். “தோத்ததுல எனக்கு வருத்தம் இல்ல. ஒன்னப் பாத்தா பிரமிப்பா இருக்கு. நெசமாச் சொல்லுதேன்.”

“சரி, சரி” என்றாள். ஆனால் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்தது. “இருந்தாலும் ஒரு நாயம் சொல்லு. தொம்மைய எடுத்ததுல ஒங்களுக்கு லாபம். என்னைய எடுத்ததுல ஸ்டாருக்கும் ஏதோ கொஞ்சம் லாபம் இருக்கத்தான செய்யும்?”

அவள் மடக்கின குடையைக் கை மாற்றிப் பிடித்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது.

“ஆட்டம் முடிஞ்சதும் ரொட்ரிகோ ஐயா என்கிட்ட வந்தாவ” என்றாள். “ஒங்களத் திருப்பி எடுத்துக்கிடச் சொன்னாவ. கூட அவுக கோல்கீப்பரையும் சேத்துத் தாரோம்னாவ. அங்கனயே கமிட்டி கூடிப் பேசினோம். வேண்டாம்னுட்டோம்.”